வாக்குரிமைக்கு வெளியே நின்ற உரிமைகள்: நொய்யல் படுகையிலிருந்து ஜனநாயக மாற்றத்தைப் பார்த்தல்

1. கேள்வி

ஜனநாயக மாற்றம் குறித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தலைநகரங்களைப் பற்றியவை. லிஸ்பன் 1974, மணிலா 1986, ஜகார்த்தா 1998, டாக்கா 2024 என்று அவை ஆட்சி கவிழ்ந்த நாள்களிலிருந்து கதையைத் தொடங்குகின்றன. சாமுவேல் ஹண்டிங்டன் 1991இல் இந்த வரிசைக்கு 'மூன்றாம் அலை' என்று பெயரிட்டார். சர்வாதிகாரம் விழும், தேர்தல் வரும், காலப்போக்கில் நிறுவனங்கள் வேரூன்றும் என்ற ஒரு நேர்கோடு அன்று பலருக்கும் நம்பத்தக்கதாக இருந்தது. 2002இல் தாமஸ் கரோதர்ஸ் அந்த நம்பிக்கையை வெளிப்படையாகக் கேள்விக்கு உட்படுத்தினார். 'மாற்றத்தில் இருக்கும் நாடுகள்' எனப்பட்டவற்றில் பல எங்கும் நகரவில்லை, தேர்தலும் அதிகாரக் குவிப்பும் ஊழலும் ஒன்றாகக் குடியிருக்கும் நிலையிலேயே அவை தங்கிவிட்டன என்பது அவர் வாதம்.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த கில்லெர்மோ ஓ'டொனல் அதற்கும் முன்பே, 1993இல், இன்னும் கூர்மையான ஒன்றைச் சொல்லியிருந்தார். ஒரு நாடு முழுவதும் ஒரே அளவில் ஜனநாயகமாக இருப்பதில்லை. சட்டம் சீராகச் செயல்படும் இடங்களுக்கு ஒரு வண்ணமும், அரசின் சட்டம் பெயரளவுக்கே எட்டும் இடங்களுக்குப் பழுப்பு வண்ணமும் தீட்டி அவர் ஒரு வரைபடத்தைக் கற்பனை செய்தார். பழுப்புப் பகுதியில் வாழ்பவர் சுதந்திரமாக வாக்களிப்பார், அவருடைய வாக்கு ஒழுங்காக எண்ணவும்படும். ஆனால் காவல் நிலையத்திலும் வேலையிடத்திலும் அரசு அலுவலகத்திலும் அவருக்குக் குடிமகனுக்குரிய நடத்தை கிடைக்காது.

இந்தியா இந்த ஆய்வுகளில் வழக்கமாக இடம்பெறுவதில்லை. 1952 முதல் தேர்தல் நடத்தும் நாட்டை யாரும் 'மாறும் நாடு' என்று கருதுவதில்லை. ஓ'டொனலின் வரைபடத்தை நொய்யல் படுகையின் மேல் விரித்துப் பார்த்தால் அந்த முடிவு அவசரமானது என்று தோன்றுகிறது. 2024–25இல் ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த திருப்பூரில், கடந்த 30 ஆண்டுகளில் சாமானியர்கள் பெற்ற முக்கியமான உரிமைகள் எந்த வழியாக வந்தன? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். வாக்கின் வழியாக வந்தவை மிகக் குறைவு என்பதே என் வாதம். மக்கள் தேர்ந்தெடுக்காத இரண்டு அதிகாரங்கள் வழியாகவே அவை வந்தன: ஒன்று நீதிமன்றம், மற்றொன்று வெளிநாட்டு பையர் (ஆடைக்கு ஆர்டர் கொடுத்து வாங்கும் நிறுவனம்).

2. ஆறு: பதினைந்தாண்டு வழக்கு

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகச் சென்று கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். அதன் கடைப்பகுதி விவசாயிகளுக்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டுகளில்தான் திருப்பூரின் ஏற்றுமதி பெருகியது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், அதுவும் பெருமளவில் வேண்டும். சாயப்பட்டறைகள் வெளியேற்றிய நீர் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் தண்ணீர் தேக்கவே வேண்டாம் என்று, அந்த அணையால் பயன்பெற இருந்த விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உவர்த்தன. தென்னை காய்ந்தது. கறவை மாடுகள் குடிக்கும் தண்ணீரும் கெட்டது.

விவசாயிகள் முதலில் தேர்தலை நம்பாமல் இல்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில், நொய்யலை ஒட்டிய ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். கோரிக்கைகளை எவரும் காதில் வாங்கவில்லை என்பதைக் காட்ட விவசாயிகள் கூட்டமாக வேட்புமனு தாக்கல் செய்ததன் விளைவு அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது. நாடு அதை ஒரு விநோதச் செய்தியாகப் படித்தது. அதே ஆண்டில் சட்டமன்ற வேட்பாளருக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குரல் எழுப்பியவர்களுக்கு ஜனநாயக அமைப்பு கொடுத்த பதில், குரல் எழுப்பும் கட்டணத்தை உயர்த்தியதுதான். மொடக்குறிச்சியை இந்தியத் தேர்தல் வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்றாகப் பட்டியலிடும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். ஒரு வட்டாரமே வாக்குச்சீட்டு வழியாக மனுக் கொடுத்துப் பார்த்த நிகழ்வு அது.

அதே 1996இல் கரூர் வட்ட நொய்யல் கால்வாய் விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார்கள். சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும், அல்லது மூட வேண்டும் என்று 1998இல் உத்தரவு வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழும்பின. ஆனால் அன்று அமைந்த நிலையங்கள் நீரின் நிறத்தை நீக்கின, உப்பை நீக்கவில்லை. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற கரைந்த உப்புகளின் வரம்பு தாளில் இருந்தது. ஆற்றில் இல்லை. கண்ணுக்குத் தெரியும் குற்றம் அகன்றது, நிலத்தைக் கொல்லும் குற்றம் தொடர்ந்தது. விதிக்குக் கட்டுப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவும் விதியின் நோக்கத்தைத் தோற்கடிக்கவும் ஒரே நிலையம் போதுமானதாக இருந்தது.

2003இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் மறுபடி வழக்குத் தொடுத்தது. 2006 டிசம்பர் 22இல் வந்த தீர்ப்பு, வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை ஏறும் அபராதத்தை விதித்து, கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டக் கெடு வைத்தது. சாயப்பட்டறை உரிமையாளர் சங்கம் மேல்முறையீடு செய்தது. 2009 அக்டோபர் 6இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உறுதிசெய்து மேலும் மூன்று மாத அவகாசம் கொடுத்தது. அதுவும் கடந்தது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. முதல் மனுவுக்கும் இந்த உத்தரவுக்கும் இடையே 15 ஆண்டுகள். அந்தக் காலத்தில் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் மாறி மாறி ஆண்டிருந்தன.

இழப்பீட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வழியே பிறந்த சூழலிழப்பு ஆணையம், நொய்யல் பகுதியில் 28 ஆயிரத்துக்கும் அதிகமான விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. சராசரி பார்த்தால் ஒரு விவசாயிக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கூட வராது. ஒரு கிணறும் தோப்பும் கைவிட்டுப் போனதற்கு அது விலை! மறுபக்கம், பட்டறைகள் மூடப்பட்ட பின் 2011இல் பொறுப்பேற்ற அரசு, சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைக்க 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக அறிவித்தது. தொழில் மீள வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டு தொகைகளையும் அருகருகே வைக்கும்போது, அரசின் கை யாரை நோக்கி எவ்வளவு எளிதாக நீண்டது என்பது தெரிகிறது.

3. அரசு ஏன் தயங்கியது: மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம், தொழிலதிபர்கள் அரசைக் கைப்பற்றிவிட்டார்கள் என்பது. செயல்பாட்டாளர்களிடையே இதுவே செல்வாக்கானது. இதில் உண்மை உண்டு, ஆனால் திருப்பூரின் முதலாளி வர்க்கத்தை இது சரியாகப் படிப்பதில்லை. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல் காட்டுவதுபோல, இங்கே முதலாளிகளில் கணிசமானோர் உழவுக் குடும்பங்களிலிருந்து வந்த கவுண்டர்கள். தாங்களும் பாடுபட்டே மேலே வந்தவர்கள் என்பது அவர்களது தன்வரலாறு. ஒரு பெரிய ஆலைக்குப் பதில் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், ஸ்டிச்சிங் என்று ஜாப் ஒர்க்காகப் பிரிந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு உரிமையாளர்கள் இங்கே இருக்கிறார்கள். அரசை 'வாங்கும்' ஒற்றை ஆள் இங்கே இல்லை. உறவு, சாதி, கட்சி, சங்கம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த ஒரு சமூகமே அதிகாரத்தின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது.

இரண்டாவது விளக்கம் கசப்பானது: ஜனநாயகம் சரியாகத்தான் வேலை செய்தது. பனியன் கம்பெனியை நம்பி லட்சக்கணக்கானோர் பிழைக்க, கடைமடையில் சில பத்தாயிரம் விவசாயிகள் கெட்டார்கள். எண்ணிக்கையை எண்ணிய கட்சிகள் பெரும்பான்மைப் பக்கம் நின்றன. 2011 ஏப்ரல் தேர்தலில் சாயப்பட்டறைகளைத் திறப்பது பற்றிய வாக்குறுதிகளே இவ்வட்டாரத்தில் ஓங்கி ஒலித்தன. பட்டறை மூடியதால் வேலையிழந்து ஊர் திரும்பிய தொழிலாளியின் துயரமும் பொய்யல்ல. இந்த விளக்கத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனாலும் இது ஒன்றை மறைக்கிறது. வேலையா ஆறா என்ற தேர்வு இயற்கையில் விதிக்கப்பட்டதல்ல. சுத்திகரிப்புச் செலவைத் துணியின் விலையில் ஏற்ற பையரும் சம்மதிக்கவில்லை, ஏற்றும்படி கட்டாயப்படுத்த அரசும் முன்வரவில்லை. அந்தச் செலவு விவசாயியின் கிணற்றில் இறங்கியது.

மூன்றாவது விளக்கம் ஊழல். ஊழல் என்றதும் மேசைக்கு அடியில் கைமாறும் பணத்தையே நினைக்கிறோம். அது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 2016இல் அண்டை மாவட்டமான கரூரின் அரவக்குறிச்சித் தொகுதியில், வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதைக் காரணமாகக் காட்டித் தேர்தல் ஆணையம் தஞ்சாவூருடன் சேர்த்துத் தேர்தல் அறிவிக்கையையே ரத்துசெய்தது. பணபலத்துக்காகச் சட்டமன்றத் தேர்தல் ஒன்று அப்படி ரத்தானது நாட்டில் அதுவே முதல்முறை. ஆனால் நொய்யல் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப்படும் ஊழல் வேறு. விதியை மீறும் செலவைவிட விதியைப் பின்பற்றும் செலவு அதிகமாக இருக்கும்படி அமலாக்கத்தை நோஞ்சானாக வைத்திருப்பது. கெடுவுக்கு மேல் கெடு. ஆய்வுக்கு மேல் ஆய்வு. உப்பு நீரை ஆவியாக்க மின்சாரமும் விறகும் வேண்டும், பணம் வேண்டும். மழை இரவில் மதகைத் திறந்துவிட எதுவும் வேண்டாம். மழைக்காலந்தோறும் ஆற்றில் நுரை பொங்கும் செய்திகள் வருவது இதனால்தான். காலதாமதத்தையே ஆதாயமாக மாற்றும் இந்த ஏற்பாட்டில் யாரும் லஞ்சம் வாங்காமலே ஒரு தலைமுறையின் நிலம் போய்விட முடியும். ஊழலை அளக்கும் சர்வதேசக் குறியீடுகளுக்கு இது அகப்படாது.

4. கம்பெனி வாசல்

1984இல் திருப்பூர்த் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளை பனியன் தைத்த காலம் அது. சங்கங்களுக்கு வலுவிருந்தது. பின்னர் ஏற்றுமதி பெருகியபோது வேலை பீஸ் ரேட்டுக்கும் கான்ட்ராக்டுக்கும் பிரிந்துபோனது. ஒரே கூரையின் கீழ் பவர்டேபிள் தைப்பவர் ஒரு கான்ட்ராக்டரிடமும், செக்கிங் பெண்கள் இன்னொருவரிடமும் வேலை பார்த்தார்கள். ஒன்றரை ஷிஃப்ட் வழக்கமாயிற்று. உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திடும் கூலி ஒப்பந்தம் இன்றும் தொடர்கிறது. அதற்கு வெளியே நிற்கும் தொழிலாளர்களே அதிகம். அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலிகூட வழக்குகளில் தங்கியது. 2014இல் உயர்த்தப்பட்ட ஆயத்த ஆடைத் தொழிலாளர் கூலியைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய 2016 ஜூலை வரை ஆனது.

சங்கம் விட்ட இடத்தில் பையர் வந்தார். குழந்தைத் தொழிலாளர் பற்றிய எதிர்ப்பு மேலை நாடுகளில் எழுந்த தொண்ணூறுகளிலிருந்து, ஒவ்வொரு பிராண்டும் தனக்கென ஒரு நடத்தை விதியும் தணிக்கையும் வைத்துக்கொண்டது. கிரேஸ் கார்ஸ்வெல், கெர்ட் டி நெவ் போன்றோர் திருப்பூரில் நடத்திய ஆய்வுகள் இந்தத் தணிக்கைகளின் எல்லைகளைக் காட்டியுள்ளன. ஏற்றுமதிக் கம்பெனியின் கழிப்பறையும் தீயணைப்பானும் சீராயின. ஜாப் ஒர்க் யூனிட்டுகளையும் நூற்பாலை விடுதிகளையும் தணிக்கை எட்டவில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகளில் பரவிய சுமங்கலித் திட்டம் அந்த விடுதிகளுக்குள்தான் வளர்ந்தது. திருமணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை மூன்றாண்டு கட்டிப்போட்ட அந்த முறையை, நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கைதான் உலகச் செய்தியாக்கியது. இங்குள்ள சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் அதற்கு முன்பே பேசியவைதான் அதில் இருந்தவை. அவை தமிழில் பேசப்பட்டபோது சட்டமன்றத்தை அசைக்கவில்லை, ஆங்கிலத்தில் ஐரோப்பியக் கடைகளுக்குப் போனபோது அசைத்தன. இந்த வேறுபாடு வேதனை தருவது.

2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தை இந்த வரலாற்றில் வைத்தே மதிப்பிட வேண்டும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் இளம் தலித் பெண் தொழிலாளி மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். பெண்களே தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடனும் எச் அண்ட் எம் நிறுவனத்துடனும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்துகொண்டது. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் சேர்த்துத் தடுக்கும் ஏற்பாடு அது. தணிக்கையாளர் வந்துபோகும் முறையைவிட இது பல படி மேலானது, ஏனெனில் தளத்தில் வேலை செய்யும் பெண்களே அதில் கண்காணிப்பாளர்கள். இவ்வட்டாரத்தின் அண்மைக் கால உரிமை வரலாற்றில் நான் முழுமனதோடு பாராட்டும் நிகழ்வு அது. ஆனாலும் அந்த ஒப்பந்தத்தின் பற்கள் பையரின் ஆர்டரில் இருந்தன. உள்நாட்டுச் சந்தைக்குத் தைக்கும் காதர்பேட்டை யூனிட்டில் அந்தப் பற்கள் இல்லை.

ஆர்டர் போனால் உரிமையும் போகுமா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, இந்தக் கேள்வி வெறும் கருத்தளவில் நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. தொழிலாளர் ஆய்வாளர் அவற்றில் ஆய்வாளரும் உதவியாளருமாக மறுபெயர் பெறுகிறார். பையர் பின்வாங்கும் வேளையில் அரசும் ஒரு கால் பின்வைக்கிறது.

5. நகரமும் வாக்கும்

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: சட்டமன்றம் தொலைவில் இருக்கிறது, உள்ளாட்சி அருகில் இருக்கிறதே? 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கியது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருப்பூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல் நடந்தது. தமிழ்நாட்டின் மற்ற நகரங்களைப் போலவே ஐந்தாண்டுக்கு மேல் இந்நகரையும் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். பணமதிப்பு நீக்கம், ஜி.எஸ்.டி., கொரோனா ஊரடங்கு, வடமாநிலத் தொழிலாளர்கள் நடந்தே ஊர் கிளம்பிய நாள்கள் எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்கும். வார்டு கவுன்சிலர் என்று ஒருவர் இல்லாத நகரத்தில்தான் அவை அனைத்தும் நடந்தன. ராணுவ ஆட்சி இல்லை, நெருக்கடி நிலை இல்லை. வழக்கும் வார்டு மறுவரையறையும் போதுமானவையாக இருந்தன.

அதற்கும் முன்பு நகரின் தண்ணீர் மன்றத்தின் கையை விட்டு நகர்ந்திருந்தது. 1,023 கோடி ரூபாய்த் திட்டமாக, நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் நீரை ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிக் கொண்டுவர அரசும் தனியாரும் சேர்ந்து ஒரு கம்பெனி அமைத்தன. தொழிலுக்குத் தண்ணீர் கிடைத்தது, நகருக்கும் கிடைத்தது. விலை, அளவு, முன்னுரிமை பற்றிய பேச்சு மட்டும் ஒப்பந்தத் தாளுக்குள் போய்விட்டது.

இனி வாக்காளர் யார் என்ற கேள்வி. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் இன்றைய திருப்பூரின் உற்பத்தியைத் தாங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் வாக்கு ஊரில் இருக்கிறது, உழைப்பு இங்கே இருக்கிறது. தொலைவிலிருந்து வாக்களிக்கும் இயந்திரத்தை 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முயன்ற தேர்தல் ஆணையத்தின் திட்டம் கட்சிகளின் எதிர்ப்பால் நகரவில்லை. அது வந்திருந்தாலும் பீகார் தொழிலாளி பாட்னாவின் பிரதிநிதியைத்தான் தேர்ந்திருப்பார். லைன் வீட்டு வாடகை, குடிநீர், ஷிஃப்ட் முடிந்து திரும்பும் தெருவின் விளக்கு ஆகியவற்றை முடிவுசெய்யும் மன்றத்தில் அவர் குரல் அப்போதும் இருக்காது. அதே ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது அவர்கள் பக்கம் பேச மாநில அரசும் காவல்துறையும் உரிமையாளர் சங்கங்களும் முன்வந்தன. அது நன்றே. அவர்கள் சார்பில் பேச அவர்களே தேர்ந்தெடுத்த ஒருவர் மட்டும் இல்லை.

6. போட்டி நாடுகளும் நாமும்

திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் தங்கள் போட்டியாளர்களாக எண்ணும் நாடுகள், ஜனநாயக மாற்றம் பற்றிய நூல்களில் அடிக்கடி வருபவை. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24இல் ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பின், கட்டடப் பாதுகாப்புக்கான உடன்படிக்கை பன்னாட்டுச் சங்கங்களுக்கும் பிராண்டுகளுக்கும் இடையே உருவானது. ஆடை ஆலை உரிமையாளர்கள் பலர் அமர்ந்திருந்த நாடாளுமன்றத்திலிருந்து அது வரவில்லை. 2023இல் குறைந்தபட்ச மாதக் கூலியாக 23 ஆயிரம் டக்கா கேட்ட தொழிலாளர்களுக்கு 12,500 அறிவிக்கப்பட்டது; போராட்டத்தில் உயிர்கள் போயின. 2024 ஆகஸ்ட் 5இல் ஷேக் ஹசீனா ஆட்சி வீழ்ந்தபோது அங்கிருந்து ஆர்டர்கள் இங்கே வருமா என்பதே நம் பத்திரிகைகளின் பெரிய கேள்வியாக இருந்தது. பக்கத்து நாட்டின் விடுதலை நமக்குச் சந்தை வாய்ப்பாகத் தெரிந்தது. மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் மீண்டும் அதிகாரத்தைப் பிடித்தபோது யாங்கூன் வீதிக்கு முதலில் வந்தவர்களில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் இருந்தார்கள். அம்மாதமே 16 தொழிலாளர் அமைப்புகள் சட்டவிரோதமாக்கப்பட்டன. இந்தோனேசியாவிலோ சுகார்த்தோ வீழ்ந்த இரண்டே ஆண்டுகளில், 2000இல், சங்கம் அமைக்கும் உரிமை தனிச் சட்டமானது.

நம்மிடம் மியான்மரின் துப்பாக்கி இல்லை என்பது பெரிய வேறுபாடு. கரூர் விவசாயிக்கு உயர் நீதிமன்றக் கதவு திறந்திருந்தது, அது எத்தனை தாமதமாகத் திறந்தாலும். ஒப்பீடு எனக்குக் காட்டுவது வேறொன்று. ஆட்சி மாற்றம் நிகழ்ந்த இடங்களில், சங்கம் என்ற இடைநிலை அமைப்பு உயிரோடு இருந்ததா என்பதைப் பொறுத்தே தொழிலாளியின் உரிமை மிஞ்சியது அல்லது மறைந்தது. நொய்யல் படுகையில் அந்த இடைநிலை அமைப்புகள் தடை செய்யப்படவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தொழிலாளர் ஆய்வு அலுவலகம், மாநகராட்சி மன்றம், கூலிக் குழு எல்லாம் இருக்கின்றன. அவற்றில் ஆளும் அதிகாரமும் குறைக்கப்பட்டு, கூட்டம் தள்ளிவைக்கப்பட்டு, தேர்தல் ஒத்திவைக்கப்பட்டு, பெயர்ப்பலகை மட்டும் மாட்டப்பட்டுள்ளது.

2022 மார்ச்சில் பதவியேற்ற திருப்பூர் மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு முன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243யு பிரிவு.